‘நா’ என்று நீ எழுதியது

தகர டப்பாவின் மூடி துருவில் இறுகிப் போயிருந்தது. கரண்டிக் காம்பால் நெம்பித் திறந்தேன். மலை ஈரத்தில் தூளெல்லாம் கட்டிப்பட்டு, ஒரே வெள்ளைக் கல்லாக அடியில் ஒட்டிக் கிடந்தது. நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தேன். இரண்டு தாடையும் கூசின. கண்ணில் தண்ணீர் வந்தது. புளிப்பினால் வந்த தண்ணீர்தான். நீ வேறு மாதிரி எடுத்துக்கொள்ளக்கூடியவன் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உன் மனைவி நேற்றுக் காலையில் கொண்டுவந்து கொடுத்தாள். ஹட்டன் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே நான் மேசை போட்டு உட்காரும் இடம் அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

“பஸ்ஸுல போறப்பல்லாம் காட்டுவாருண்ணே,” என்றாள்.

நானும் உன்னைப் பார்த்திருக்கிறேன். பஸ் ஜன்னலில் உன் தலை தெரிந்தால், நிரப்பிக்கொண்டிருக்கிற படிவத்தின்மேல் குனிந்துகொள்வேன். நீ பார்க்கவில்லை என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு நோட்டுக் கொப்பியையும் இந்த டப்பாவையும் மேசைமேல் வைத்தாள். “ரெண்டையும் பரீட்சைக்கிட்டக் குடுத்துருன்னாரு. பரீட்சைன்னா யாருன்னு எனக்கு வெளங்கல. பொறகுதான் உங்க பேரைச் சொன்னாரு,” என்றாள். உன் சாவுக்கு வராததற்குத் தகவல் கிடைக்கவில்லை என்று அவளிடம் காரணம் சொன்னேன். தகவல் அன்றைக்கே கிடைத்தது. காமாலை மூன்றே வாரத்தில் உன்னைக் கொண்டுபோய்விட்டது என்று உன் தோட்டத்திலிருந்து விண்ணப்பம் நிரப்ப வந்த ஒருவன் சொன்னான். அவனுடைய படிவத்தை ஒரு பிழையில்லாமல் நிரப்பிக் கொடுத்து அனுப்பினேன். பிறகு மேசையை மடக்கிவிட்டு ஸ்டேஷன் வரைக்கும் நடந்தேன். எந்த ரயிலுக்கும் அல்ல. நடந்தேன், திரும்பினேன்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். எனக்கும் இப்போது காசநோய், நீ மருந்து கொடுத்துவந்த அதே டீ.பி. நெஞ்சின் வலப்பக்கத்தில் மேலே, ஒரு பெரிய எலுமிச்சம்பழம் அளவுக்கு நிழல் இருப்பதாகப் படத்தைப் பார்த்த டாக்டர் சொன்னார். வேறு எந்தப் பழமும் அவருக்குக் கிடைக்கவில்லை போலிருக்கிறது. ஊசி முடிந்துவிட்டது. இப்போது மாத்திரையும் பாஸும். ஆமாம், அதே பாஸ். நீ கேத்தலில் கரைத்துக் கொடுத்த அதே கசப்புத் தூள், ஒரு நாளைக்கு நாலு தடவை. மூன்றாவது மாதம் இது. குடித்த அரைமணி நேரத்துக்குக் குடல் புரள்கிறது. போன வாரம் முழுக்க அதைக் கரைத்து, பின் ஜன்னல் வழியாகக் கீழே ஓடும் சாக்கடைக் கானில் ஊற்றினேன். தண்ணீரோடு தண்ணீராகப் போவதைப் பார்க்க நிம்மதியாக இருந்தது. ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை, இந்த மடலைக்கூட மூன்று தடவை எழுந்து நடந்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பாஸ் என்ற அந்தப் பெயரை வைத்து நீ என்னைக் கேலி செய்தது ஞாபகம் இருக்கிறதா? “நீ பாஸ் பண்ணுனவன், நான் பாஸ் கரைக்கிறவன்,” என்பாய். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானத்தில் நான் முதலாவது, நீ பதினேழாவது. அதனால்தான் பரீட்சை என்று பெயர் வைத்தாய். வைத்த பெயர் நிலைத்தது, பரீட்சையால் கிடைக்கவேண்டியது எதுவும் நிலைக்கவில்லை. தோட்டத்துத் தமிழரான நமக்குப் பிரஜாவுரிமை இல்லை என்று சட்டம் வந்தது. அரசாங்க ஆய்வுகூடத்தில் எனக்கென்று இருந்த இடம், என்னைவிடப் பதினைந்து புள்ளி குறைவாக வாங்கிய ஒருவனுக்குப் போனது. அவன் பிறப்புச் சான்றிதழில் அவன் தாத்தாவின் ஊர் கடலுக்குச் சரியான பக்கத்தில் இருந்தது. எனக்குப் போத்தல் கழுவும் வேலை. நாட்கூலி. நீயோ, உன் அப்பா தோட்டத்தை மேற்பார்க்கும் கண்டாக்கையாவுக்கு வேண்டியவர் என்ற ஒரே தகுதியில் திம்புள்ளப் பக்கத்துத் தோட்டத்து டிஸ்பென்சரிக்குள் நுழைந்தாய். கம்பெனித் தோட்டத்துக்குப் பிரஜாவுரிமை வேண்டாமே. இரண்டு வருஷத்தில் சனங்கள் உன்னை டொக்டரையா என்றார்கள். என்னை ஆஸ்பத்திரியில் “ஏய், போத்தல்” என்றார்கள். இதை நான் மறக்கவில்லை. மறக்கவேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லவும் தேவையில்லை.

லூர்துவுக்கு இந்த நோய் வந்தபோது உன்னை விட்டால் எனக்கு வேறு வழி தெரியவில்லை. என் தங்கச்சி, இருபத்திரண்டு வயது, கொழுந்துக் கூடையோடு மலையேறும்போது இரத்தமாக இருமினாள். ஆறு மாதம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்துவிட்டு, கட்டிலுக்கு ஆள் காத்திருக்கிறது என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். மீதி மருந்தைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் வாங்கிக் குடிக்கவேண்டும். அவள் சளியை மாதம் ஒருமுறை ஆய்வுகூடத்துக்கு அனுப்பவேண்டும். அந்தத் தோட்டம் உன் தோட்டம். அந்த ஆய்வுகூடம் நான் போத்தல் கழுவின ஆய்வுகூடம். கண்ணாடியில் சளியைத் தடவிச் சாயம் போட்டு, நீலத்துக்கு நடுவே சிவப்புக் குச்சிகளைத் தேட நான் அதற்குள் கற்றுக்கொண்டிருந்தேன். நுண்ணோக்கியில் பார்க்கவேண்டியவருக்குச் சோம்பல். பார்த்தது நான், கையெழுத்துப் போட்டது அவர்.

முதல் மாதம் அவள் கண்ணாடியில் சிவப்புக் குச்சிகள் இருந்தன. இரண்டாம் மாதம் தேடித்தான் எடுக்கவேண்டியிருந்தது. மூன்றாம் மாதம் முந்நூறு இடம் மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. நாலாம் மாதமும் இல்லை. மற்றத் தோட்டங்களிலிருந்து வருபவை எல்லாம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. உன் தோட்டத்திலிருந்து வந்த எட்டுப் பேருடைய கண்ணாடிகளும் வரிசையாகச் சுத்தமாகிக்கொண்டு வந்தன. உன்மேல் பொறாமை வந்தது என்று எழுதினால் அது பாதிதான். உன்னிடம் ஏதோ இருக்கிறது, அது என்னவென்று கண்டுபிடிக்க என்னால்தான் முடியும் என்றும் தோன்றியது.

லீவு போட்டுவிட்டு வந்தேன். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்து ஆட்கள் மலைக்குப் போன பிறகு, டிஸ்பென்சரி வாசலில் உன் எட்டுப் பேரும் வரிசையில் நின்றார்கள். மேசையில் கேத்தல், அதற்குப் பக்கத்தில் இந்த டப்பா. கேத்தலில் இருந்து கசப்பை ஊற்றிக் கொடுத்தாய். குடித்து முடித்தவர்கள் உன் முன்னால் வந்து நாக்கை நீட்டினார்கள். நீ டப்பாவில் கரண்டி நுனியை விட்டு ஒரு சிட்டிகை வெள்ளைத் தூளை நாக்கில் போட்டாய். முகத்தைச் சுளித்து, சப்புக்கொட்டி, சிரித்துக்கொண்டு போனார்கள்.

பேச்சியம்மாதான் வரிசையில் முதல் ஆள். ஐம்பது வயது, எலும்பு, வாய் மட்டும் குறையவில்லை. “டீத் தோட்டத்துல பொறந்தவளுக்கு டீ.பி. வராம வேற என்னா சாமி வரும்?” என்று என்னைப் பார்த்துக் கேட்டாள்.

“ஆத்தா, மொதல்ல நாக்கை நீட்டு, பொறகு பேசு,” என்றாய்.

“நீட்டுனா எப்புடிப் பேசுறது?”

“அதுக்குத்தான் நீட்டச் சொல்றேன்.”

வரிசை முழுக்கச் சிரித்தது. லூர்துவும் சிரித்தாள். அவள் கன்னத்தில் சதை பிடித்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

தூள் என்னவென்று கேட்டேன். “எலுமிச்சை உப்பு. நம்ம சோடாக்கடை நானாகிட்ட வாங்குறது,” என்றாய். சோடாவில் புளிப்புக்குப் போடுகிற சிட்ரிக் அமிலம். இந்த உயரத்தில் எலுமிச்சை காய்ப்பதில்லை, அதனால் தூள். உன் ஆட்கள் அதைத்தான் மருந்து என்றார்கள். கேத்தலில் இருந்ததற்குக் கசாயம் என்று பெயர். கசாயத்தைக் குடித்தால்தான் ஐயா மருந்து தருவார். மருந்துதான் நெஞ்சைச் சுத்தம் பண்ணுகிறது. லூர்துவும் அப்படித்தான் சொன்னாள். நீ மறுக்கவில்லை. மேசையில் உன் கொப்பி திறந்திருந்தது. இடப்பக்கம் எட்டுப் பெயர்கள், மேலே தேதிகள், ஒவ்வொரு கட்டத்திலும் ‘நா’ என்ற ஒரே எழுத்து. நா, நா, நா. நான் அதை நாலு என்று படித்தேன். நாலு கிரெயின், மருந்து நிறுக்கிற அந்தச் சின்ன அளவு. ஒவ்வொருவருக்கும், ஒவ்வொரு நாளும், நாலு கிரெயின் எலுமிச்சை உப்பு. கரண்டி நுனியால் கிள்ளிப் போடுகிறவன் எப்படி எல்லாருக்கும் ஒரே அளவு போடுவான் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. விஞ்ஞானத்தில் முதலாவது வந்தவன் நான்.

திரும்பும்போது நோட்டன் பிரிட்ஜ் போகும் பஸ்ஸில் தவறி ஏறிவிட்டேன். அவ்வளவு பரபரப்பு. அமிலம் கிருமியைக் கொல்கிறது. யாரும் பார்க்காததை ஒரு சோடாத் தூளில் நான் பார்த்துவிட்டேன். கட்டுரைக்குத் தலைப்புக்கூட மனதுக்குள் எழுதினேன். என் பெயர் மேலே, உன் பெயர் நன்றி சொல்லும் இடத்தில்.

ஆய்வுகூடத்தில் கிருமி வளர்க்கும் போத்தல்களைத் தயாரிப்பதும் என் வேலைதான். முட்டைகளை உடைத்து, பச்சைச் சாயமும் நாலைந்து உப்புகளும் நிறுத்துச் சேர்த்து, சிறு போத்தல்களில் சரித்துப் படுக்கவைத்துச் சூட்டில் இறுகவைப்போம். அந்தப் பச்சைச் சரிவில் கிருமி முளைக்க ஆறு வாரம், சில நேரம் எட்டு வாரம் ஆகும். நான் திருட்டுத்தனமாக மூன்று வரிசை செய்தேன். ஒன்றில் நாலு கிரெயினுக்கு நான் போட்ட கணக்குப்படி எலுமிச்சை உப்பு, ஒன்றில் அதில் பாதி, ஒன்றில் பத்து மடங்கு. துணைக்கு எலுமிச்சை உப்பே சேர்க்காத ஒரு வரிசை. ஆறு வாரமும் என்னால் தூங்க முடியவில்லை. போத்தல் கழுவும்போதே நாலு தரம் போய்ச் சூட்டுப் பெட்டியைத் திறந்து பார்ப்பேன்.

பத்து மடங்கு வரிசையில் ஒன்றும் முளைக்கவில்லை. அதை மட்டும் எடுத்துக்கொண்டு பெரிய டாக்டரின் மேசைக்கு ஓடினேன். அவர் யாழ்ப்பாணத்தவர், கெட்டவர் இல்லை, கையில் இருக்கிற வேலையைவிட்டு நிமிர்ந்து பார்க்காதவர். அன்றைக்கு நிமிர்ந்தார். மற்ற வரிசைகள் எங்கே என்று கேட்டார். கொண்டுவந்தேன். ரவையைத் தூவினதுபோல, எலுமிச்சை உப்பு இல்லாத போத்தலில் எப்படியோ அப்படியே, செழிப்பாக மஞ்சளாக முளைத்திருந்தது.

“வினாகிரி ஊத்தினாலும் இந்தப் போத்தலிலை ஒண்டும் முளையாது. இவ்வளவு புளிப்பை நெஞ்சுக்குள்ளை ஊத்த ஏலுமே?” என்றார். பிறகு அலமாரியைக் காட்டினார். “கிழமைக்குக் கிழமை நீர் நிறுத்துப் போடுற உப்புகளின்ரை பேரை ஒருக்காலாவது வாசிச்சீரோ?”

வாசித்திருந்தேன். ஒரு குப்பியில் சிட்ரேட் என்று எழுதியிருந்தது. எலுமிச்சை உப்பின் உறவுக்காரன். கிருமி வளர்வதற்கென்று சேர்க்கிற சரக்கு. வாராவாரம் என் கையாலேயே நிறுத்துப் போட்டிருக்கிறேன். கூடத்தில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து என் பெயர் “தேசிக்காய் விஞ்ஞானி.” அவர்கள் எலுமிச்சையைத் தேசிக்காய் என்பார்கள். என்னை நிரந்தரமாக்கும் பேச்சு அத்தோடு நின்றது. நின்றதற்கு அதுதான் காரணமா என்று இன்றைக்கு எனக்கு நிச்சயமில்லை. அன்றைக்கு நிச்சயமாக இருந்தது. காரணம் நீ.

அடுத்த நாள் காலையில் உன் வாசலில் நின்றேன். வரிசை நின்றது. லூர்து கசப்பைக் குடித்து முடித்து, நாக்கை நீட்டியபடி உன் முன்னால் நின்றாள். நான் டப்பாவைப் பிடுங்கித் தூக்கிக் காட்டினேன்.

“இது மருந்தில்ல. கிருமிக்கு இவரு சோறு போடுறாரு. நானே போத்தல்ல வளத்துப் பாத்துட்டு வர்றேன்.”

பேச்சியம்மாதான் கேட்டாள்: “அப்ப இத்தனை நாளும் எங்க நெஞ்சுக்குள்ள குடியிருக்கிறதுக்குப் பொங்கிப் போட்டீங்களா, ஐயா?”

நீ என்னை விட்டுத் திரும்பினாய். வரிசையைப் பார்த்து, “சரி, புளிப்பு வேணாம். கசாயத்தை மட்டும் குடிங்க, அதுதான் மருந்து,” என்றாய்.

“நேத்து வரைக்கும் அது மருந்து, இன்னைக்கு இது மருந்தா?” என்றாள் பேச்சியம்மா. தன் கோப்பையை வாசலோரத்துத் தேயிலைச் செடியின் அடியில் கவிழ்த்தாள். “செடிக்கு டீ.பி. வராது,” என்று சொல்லிவிட்டு நடந்தாள். இரண்டு பேர் அவளுக்குப் பின்னால் போனார்கள்.

லூர்து நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள், பிறகு உன்னை. நீ டப்பாவை என் கையிலிருந்து வாங்கி மூடியை அழுத்தினாய். அப்போது சொன்னாய்: “நீ போத்தல்ல கேட்டுட்டு வந்திருக்க. வாயில கேக்கலடா, பரீட்சை.”

பதினேழாவதாக வந்தவனின் சமாளிப்பு என்று நினைத்தேன். லூர்துவிடம், “கசப்பை மட்டும் விடாமக் குடி,” என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். சொன்னேன். அதை நான் சொல்லத்தான் செய்தேன்.

மாதத்துக்கு ஒருமுறை வருவேன். “குடிக்கிறியா?” “குடிக்கிறேண்ணே.” அவள் ஒருபோதும் என்னிடம் பொய் சொன்னவள் இல்லை, அதனால் பொய் சொல்கிறாள் என்று தெரிந்துகொள்ளும் பழக்கம் எனக்கு இல்லை. இரண்டாம் மாதம் அவள் கண்ணாடியில், நீலத்தின் ஓரத்தில், ஒரு சிவப்புக் குச்சி. சாயம் சரியாகக் கழுவவில்லை என்று இன்னொன்று போட்டேன். அதில் மூன்று. அடுத்த மாதம் எண்ணவேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. திரும்பவும் கட்டில் வாங்க அலைந்தேன். கட்டில் கிடைத்தபோது அவளுக்குக் கட்டிலால் ஆவது ஒன்றுமில்லை.

புதைத்த அன்றைக்கு நீ வந்தாய். கல்லறைத் தோட்டத்துச் சவுக்கு மரத்தடியில், குடையை மடக்கிப் பிடித்துக்கொண்டு மழையில் நின்றாய். உன் பக்கத்தில் வந்து, “கோவிச்சுக்கிட்டு அவளைக் கைவிட்டுட்ட இல்ல?” என்று கேட்டேன். நான் எல்லார் முன்னாலும் உன்னை அவமானப்படுத்தினேன், பதிலுக்கு நீ என் தங்கச்சியைக் கவனிக்காமல் விட்டாய். இதுதான் நான் பதினொரு வருஷம் நம்பியது. நீ என் முகத்தைப் பார்த்தாய், வாயைத் திறந்தாய், மூடிக்கொண்டாய். குடையை விரித்து என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாய். அந்தக் குடையை நான் ஸ்டேஷனில் விட்டுவிட்டு வந்தேன். வேண்டுமென்றே.

அதற்குப் பிறகு ஆய்வுகூட வேலையை விட்டேன். விட்டேனா, விடவைத்தார்களா என்பது யாரைக் கேட்கிறாய் என்பதைப் பொறுத்தது. இப்போது மேசை போட்டிருக்கிறேன். இரண்டு நாட்டுப் பிரதமர்கள் உட்கார்ந்து நம் சனங்களில் எத்தனை பேர் இங்கே, எத்தனை பேர் இந்தியாவுக்கு என்று பங்கு போட்டுவிட்டுப் போனதிலிருந்து என் மேசைக்குக் கூட்டம் குறைவதில்லை. யார் எந்தக் கப்பலில் ஏறவேண்டும் என்று என் கையெழுத்தில் எழுதிக் கொடுக்கிறேன். எனக்கு நான் எழுதிக்கொள்ளவில்லை.

நேற்று மத்தியானம் மேசையை மடக்கிவிட்டு அறைக்கு வந்து கொப்பியைப் பிரித்தேன். அன்றைக்கு உன் மேசையில் பார்த்த அதே கொப்பி. முதல் பக்கத்தை அப்போது நான் புரட்டவில்லை. உன் கோணல் எழுத்தில், அளவுக்கு மேல் அழுத்தி எழுதியிருந்தாய்:

“நா: நாக்குப் பார்த்தது. வாயில் மருந்து இல்லை. விழுங்கிவிட்டார்.”

அவ்வளவுதான். நாலு இல்லை. கிரெயின் இல்லை. கசப்பை வாயில் அதக்கிக்கொண்டுபோய்ச் செடியடியில் துப்புகிற எட்டுப் பேரிடம், துப்புகிறாயா என்று கேட்டு அவர்களைச் சிறுமைப்படுத்தாமல், வாயைத் திறக்கவைக்க உனக்கு ஒரு சிட்டிகைப் புளிப்பு வேண்டியிருந்தது. நாக்கை நீட்டாமல் புளிப்பு கிடைக்காது. விழுங்காமல் நாக்கை நீட்ட முடியாது. எலுமிச்சை உப்பு கிருமியை என்ன செய்கிறது என்று நீ எந்தக் காலத்திலும் நினைத்ததில்லை. உன் எட்டுக் கண்ணாடிகளும் சுத்தமானது பாஸினால். பாஸ் உள்ளே போனது புளிப்பினால். நான் ஆறு வாரம் போத்தலுக்குள் தேடியதை நீ தினமும் காலையில் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

பக்கங்களைப் புரட்டினேன். நான் வந்த அந்தக் காலைக்குப் பிறகு கட்டங்கள் வெறுமையாகின்றன. பேச்சியம்மாவுக்கு ஒன்பது நாள் வெறுமை, பிறகு ‘நா’. எப்படிச் சமாதானப்படுத்தினாயோ. ஒவ்வொருவராகத் திரும்பி வருகிறார்கள். லூர்துவின் வரிசையில் மட்டும் ‘நா’ வரவில்லை. வெறுமையாகவும் இல்லை. கட்டம் போதாமல் ஓரத்தில் சின்ன எழுத்தில் எழுதியிருக்கிறாய். “லயத்து வீட்டுக்குப் போனேன். வாயைத் திறக்கவில்லை.” அடுத்த நாள், “போனேன். திறக்கவில்லை.” அடுத்த நாளும். ஞாயிற்றுக்கிழமைகூட. ஒரு நாள், “சீனி கொண்டுபோனேன். சிரித்தாள். திறக்கவில்லை.” இன்னொரு நாள், “கோபித்தேன். அழுதாள்.” விரலை வைத்து எண்ணினேன், பிறகு எண்ணுவதை நிறுத்தினேன். ஒரே ஒரு கட்டத்தில் அவள் சொன்னதை எழுதியிருக்கிறாய்: “எங்கண்ணன் படிச்சவரு. மருந்தில்லன்னு அவரே சொல்லிட்டாரு. நீங்க ஏன் டொக்டரையா மெனக்கெடுறீங்க?”

கொப்பியை மூடிவிட்டு எழுந்தேன். அறையில் நடக்க நாலு அடிதான் இருக்கிறது. நடந்தேன்.

உன்மேல் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன். சவுக்கு மரத்தடியில் வாயைத் திறந்தாயே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா? எங்கே போனாய், எத்தனை தரம் போனாய் என்று சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? நான் நம்பியிருக்கமாட்டேன் என்று நினைத்தாயா? நினைத்தது சரிதான். அல்லது, அவள் யார் சொல்லைக் கேட்டுச் செத்தாள் என்று எனக்குத் தெரியக்கூடாது என்று நினைத்தாயா? அப்படியானால் இப்போது ஏன் அனுப்பினாய்? பதினொரு வருஷம் காப்பாற்றிவிட்டு, போகிற போக்கில் ஏன் என் மேசையில் கொண்டுவந்து வைத்தாய்? உன் மனைவி சொன்ன ஒன்று இப்போது உறைக்கிறது. படுக்கையில் கிடந்தபோது, நான் ஹட்டன் ஆஸ்பத்திரியில் காசநோய் வரிசையில் நின்றதை யாரோ உன்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் கொப்பியைத் தேடி எடுக்கச் சொன்னாயாம். டப்பாவையும்.

அப்படியென்றால் கொப்பி எனக்குத் தண்டனை இல்லை. டப்பாதான் அனுப்பவேண்டியிருந்த பொருள். டப்பா எதற்கு என்று எனக்கு விளங்குவதற்காகக் கொப்பி. கடைசிவரைக்கும் உன் வரிசையில் ஒரு ஆளைச் சேர்க்கப் பார்த்திருக்கிறாய்.

இன்று காலையில் பாஸைக் கரைத்தேன். பின் ஜன்னல் திறந்துதான் இருந்தது, கானில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன். குடல் புரளத் தொடங்கும் முன் அந்த வெள்ளைக் கல்லில் சுரண்டி ஒரு சிட்டிகையை நாக்கில் போட்டுக்கொண்டேன். கசப்பு எங்கேயும் போய்விடவில்லை. ஆனால் புளிப்பு அதைப் பிடித்து வைத்துக்கொண்டது. அரைமணி நேரம் பொறுத்தேன். வெளியே வரவில்லை.

பிறகு ஒரு காரியம் செய்தேன். கேட்டால் சிரிப்பாய். கீழே நானாவின் கடைக்கு இறங்கிப் போனேன். உனக்கு எலுமிச்சை உப்பு விற்ற அதே சோடா நானாதான். அவர் கடைக்கு மேலேதான் நான் குடியிருக்கிறேன். அவர் சோடாப் போத்தல்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

“நானா, என் நாக்கைப் பாருங்க,” என்று வாயைத் திறந்து நீட்டினேன்.

கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். “என்ன மாஸ்டர்? புண்ணா?”

“உள்ளே ஏதாவது இருக்கா?”

“ஒண்டுமில்ல.”

“நல்லாப் பாருங்க. நாக்குக்கு அடியிலயும்.”

“ஒண்டுமில்லங்கிறேனே. வாய மூடுங்க, சனம் பாக்குது.” பிறகு என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். “ஒங்க கூட்டாளி, அந்த டொக்டரும் இப்பிடித்தான். கடைக்கு வந்தா எல்லாரையும் நாக்க நீட்டு நாக்க நீட்டு எண்டு. ஒருக்கா எனக்கும் போட்டுவிட்டாரு, பல்லெல்லாம் கூசிப்போச்சி.”

“நாளைக்கும் பாக்கணும், நானா. தினமும். காலையிலயும் மத்தியானமும் சாயந்தரமும் படுக்கப் போறதுக்கு முந்தியும்.”

“நாலு தரமா? எத்தின நாளைக்கி?”

“ஒரு வருஷத்துக்குக் கிட்ட.”

“நல்ல வேல குடுத்தீங்க,” என்றார். முடியாது என்று சொல்லவில்லை.

மேலே வந்து உன் கொப்பியின் கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். எட்டுப் பெயர்களின் வரிசைக்குக் கீழே கோடு கிழித்து என் பெயரை எழுதினேன். பரீட்சை என்று எழுதவில்லை, ஞானஸ்நானத்தில் எனக்கு வைத்த பெயரை எழுதினேன். தேதியைப் போட்டேன். கட்டத்தில் என்ன எழுதவேண்டும் என்று தெரியும்.

நா.